அருள்மலர் வீட்டுச் சபை

"நேரம் போட்டுது. மற்ற ஆக்கள் காத்துக்கொண்டிருக்கினம். நீங்கள் இருங்கோ" என்று சொல்லிவிட்டு அருள்மலர் துணி அளக்கும் அடிமட்டத்தால் மேசையில் ஓங்கி அடித்தார். ஊசிப் பெட்டி துள்ளிக் கீழே விழுந்தது. எதிரே நின்ற டிலுக்ஷனுக்குச் சத்தம் கேட்கவில்லை, அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆனால் மேசை அதிர்ந்ததைக் கண்டார், தலைவரின் முகம் போன போக்கையும் கண்டார். அந்தரத்தில் நின்ற கைகளை இறக்கிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

உடனே தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அருள்மலர் ஆகிவிட்டார். "இருக்கச் சொன்னா இருந்திடுறதோ? ஆர் உங்களை இருத்துறது? எழும்புங்கோ தம்பி. திருப்பி முதல்ல இருந்து." பக்கத்தில் நின்ற ஸஹ்ரா இதைச் சைகையில் சொல்லி முடிப்பதற்குள் மூக்குக்கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறிவிட்டது.

லிங்கநகரில் இந்த வீட்டைத் தாண்டிப் போகிறவர்கள் உள்ளே ஏதோ குடும்பச் சண்டை என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் அது கூட்டங்களில் பேசிப் பழகுகிற ஒத்திகை; ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தொடங்கினால் உலையில் சோறு வேகும்வரை ஓயாது. அருள்மலருக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிப்போய், அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். காலை எடுத்த கடவுள் அதற்குப் பதிலாக வாயைக் கொடுத்துவிட்டார் என்று அயலில் பகிடி விடுவார்கள். அவர் விடமாட்டார். "கால் நல்லா இருந்திருந்தாலும் இந்த வாய் இப்பிடித்தான் இருந்திருக்கும். அப்ப வீடு வீடா வந்து கதைச்சிருப்பன், நீங்கள் தப்பிப் போட்டியள்" என்பார்.

தொழில் தையல். காலால் மிதிக்கிற மெஷினுக்கு மோட்டர் பூட்டி, மிதிகட்டையை மேசைக்கு மேலே எடுத்து வைத்திருக்கிறார். முழங்கையால் அழுத்தினால் மெஷின் பறக்கும். பள்ளிக்கூடச் சீருடை, கல்யாணச் சட்டை, பாடகர் குழுவுக்கு வெள்ளை அங்கி என்று எப்போதும் துணி குவிந்து கிடக்கும். சட்டை தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் ஞாயிற்றுக்கிழமையில் வந்து அகப்பட்டால் அவ்வளவுதான். அளவு எடுப்பதற்கு முதல் அவர்களைச் சபை உறுப்பினர்களாக்கி ஒரு வரிசையில் இருத்திவிடுவார். "ஒண்டும் செய்யத் தேவையில்லை. போனைப் பார்த்துக்கொண்டு இருந்தாக் காணும். இடைக்கிடை கொட்டாவி விடுங்கோ. உண்மையான உறுப்பினர் அப்பிடித்தான்." சட்டை வேண்டுமே என்று அவர்களும் கொட்டாவி விடுவார்கள். பிறகு அவர்களுக்கே ருசி பிடித்து, தைக்க ஒன்றும் இல்லாத கிழமையிலும் வருவார்கள்.

அருள்மலரின் சரக்கில் தலைவர்கள் பலவிதம். கோபக்காரத் தலைவர் அடிமட்டத்தோடு வருவார். நித்திரைத் தலைவர் நீங்கள் முக்கியமான இடத்துக்கு வருகிறபோது தலையைத் தொங்கப் போடுவார். தொலைபேசித் தலைவர் உங்கள் பேச்சின் நடுவில் எழும்பி "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்று யாருக்கோ குழைந்துகொண்டு வெளியே போய்விடுவார். எல்லாவற்றுக்கும் ஒரே உடுப்பு: தம்பியின் பழைய நீளக்கைச் சேர்ட், வில்லை இல்லாத வெறும் மூக்குக்கண்ணாடிச் சட்டம், கழுத்தில் மறந்துபோய்த் தொங்குகிற அளவுநாடா. இந்தத் தலைவர்களை அவர் கற்பனை செய்யவில்லை. இத்தனை காலமும் ஒவ்வொரு கூட்டத்திலும் தன்னைப் பேசவிடாமல் மறித்தவர்களைத்தான் ஒவ்வொருவராக எடுத்து உடுத்திக்கொள்கிறார்.

அவரைக் கூட்டங்களுக்கு அழைக்காமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் கருத்தைக் கேட்கிறோம் என்று முதன்முதலில் அழைத்தது மாடியில் இருந்த ஒரு மண்டபத்துக்கு. நான்கு ஆண்கள் கோயில் பெருநாளில் புனிதரின் சுருவத்தைத் தூக்குவது போல அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படி ஏறினார்கள். மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள், சாப்பாட்டுப் பார்சல் ஒன்றை மடியில் வைத்தார்கள், மறுபடி தூக்கிக் கீழே இறக்கினார்கள். கருத்து மட்டும் கேட்கவில்லை. "கேட்டிருந்தாலும் அண்டைக்கு ஒரு கருத்துத்தான் இருந்தது. பார்சல்ல கறி நல்லா இருந்தது" என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடிந்ததும் முகம் ஒரு கணம் இறுகும். வீட்டிலேயே ஒரு சபையை நடத்திப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பார்சலைத் தின்றுகொண்டிருந்தபோதுதான் வந்தது.

வந்த எண்ணம் வீண்போகவில்லை. கிண்ணியாவில் இருந்து வந்து இங்கே பேசிப் பழகிய மரக்கறி வியாபாரி றம்ஸானுக்குக் கண் தெரியாது. சந்தை வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர் இப்போது அவர்தான். முதல் கூட்டத்தில் தலைவர் இடம் மாறி இருந்ததை யாரும் சொல்லாததால், ஓர் அலுமாரியைப் பார்த்தபடி நீண்ட நேரம் பேசினாராம். பேச்சு அத்தனை விறுவிறுப்பாக இருந்ததால் தலைவரே கதிரையைத் தூக்கிக்கொண்டு அலுமாரிக்குப் பக்கத்தில் வந்து இருந்தாராம். இதை றம்ஸான் தானே சொல்லிச் சிரிப்பார். அருள்மலர் கேட்டுக் கேட்டும் அலுக்காமல் ஒவ்வொரு தடவையும் கை தட்டுவார்.

டிலுக்ஷனின் விஷயம் இவற்றையெல்லாம் விடப் பெரியது. சல்லியில் கடற்தொழில் செய்கிறவர். மனைவிக்கும் காது கேட்காது. போன மாரியில் கடல் பொங்கிய விடியற்காலை, முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டி எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஊர் எழும்பி ஓடியது. டிலுக்ஷனும் மனைவியும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பாய் நனைந்து முதுகில் குளிர்ந்தபோதுதான் விழித்தார்கள், அப்போது வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். தப்பியது கடவுள் புண்ணியம் என்று ஊர் சொன்னது. டிலுக்ஷனுக்கு அது போதவில்லை. அடுத்த மாரிக்கு முன் கிராம அனர்த்தக் குழுவைப் புதிதாக அமைக்கப் போகிறார்கள், எச்சரிக்கைப் பிரிவுக்குத் தலைவர் ஒருவர் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் நேரே அருள்மலரிடம் வந்து நின்றார். தானே அந்தத் தலைவராக வேண்டும் என்றார். அருள்மலர் துணியையும் ஊசியையும் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் நாற்காலி ஓர் அடி முன்னே போய்விட்டது.

அன்று தொடங்கிய ஒத்திகை கிழமை கிழமையாக நடந்தது. டிலுக்ஷனின் குரல் ஸஹ்ரா. அவளுடைய தாய் தகப்பன் இருவருக்கும் காது கேட்காது, வாயால் பேசக் கற்றுக்கொள்வதற்கு முதல் கையால் பேசக் கற்றுக்கொண்ட பிள்ளை. இப்போது மாவட்டம் முழுக்கச் சைகை மொழிபெயர்க்கப் போய் வருகிறாள். மெலிந்த பெண், ஆனால் வேலை என்று வந்தால் அருள்மலரையே அதட்டுவாள். அதட்டத் தேவையும் இருந்தது. டிலுக்ஷன் கையைத் தூக்கிய உடனேயே அருள்மலருக்கு அவர் சொல்ல வருவது விளங்கிவிடும். விளங்கினால் வாய் பொறுக்காது, மிச்சத்தை அவரே சொல்லி முடித்துவிடுவார்.

"அக்கா, நீங்க கதைச்சா அவர் எப்ப கதைக்கிற?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸஹ்ரா கேட்டாள்.

"நான் எடுத்துக் குடுத்தனான். அவ்வளவுதான்."

"எடுத்துக் குடுக்கிறது வேற, எடுத்துக்கொண்டு போறது வேற. கூட்டத்தில நீங்க வாய் திறந்தீங்கண்டா எல்லாரும் உங்களைத்தான் பார்ப்பாங்க. அவரைப் பார்க்க மாட்டாங்க."

இதை அவள் கையாலும் சொன்னாள். டிலுக்ஷன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அருள்மலருக்குச் சுருக்கென்றது. மாலையும் பார்சலும் கொடுத்தவர்கள் செய்ததைத்தான் தானும் வேறு விதமாகச் செய்துகொண்டிருக்கிறேனோ என்று அன்று முழுக்க யோசித்தார். அடுத்த கிழமை ஒத்திகை தொடங்க முதல் அந்தோனியார் படத்தைக் காட்டி, சல்லிக் கூட்டத்தில் ஒரு வார்த்தையும் பேசமாட்டேன் என்று நேர்ந்துகொண்டார். சட்டை தைக்க வந்திருந்த பெண்கள் அதைக் கேட்டு வாயில் கை வைத்தார்கள்.

கூட்டம் சல்லியில் கடற்றொழிலாளர் சங்க மண்டபத்தில். அருள்மலர் தனது மூன்று சில்லு மோட்டர் வண்டியில் வந்து சக்கர நாற்காலியில் இறங்கினார். முதல் அதிர்ச்சி வாசலிலேயே காத்திருந்தது: படியின்மேல் பலகை அடித்துச் சாய்வாகப் பாதை போட்டிருந்தார்கள். இரண்டாவது அதிர்ச்சி தலைவர் ஞானசேகரம். ஓய்வுபெற்ற தபாலதிபர், வெள்ளை வேட்டி, மெல்லிய குரல். வாசலுக்கு வந்து கும்பிட்டு வரவேற்றார். மின்விசிறிக்குக் கீழே இடம் ஒதுக்கித் தந்தார். டிலுக்ஷனின் மனைவிக்குத் தேத்தண்ணி கிடைத்ததா என்று தானே பார்த்தார். அடிமட்டம் இல்லை, தொலைபேசி இல்லை, கொட்டாவியும் இல்லை.

டிலுக்ஷன் எழும்பினார். பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், போன மாரியில் நனைந்த பாயைப் பற்றிச் சொன்னார். ஸஹ்ராவின் குரல் மண்டபத்தின் கடைசி வரிசைவரை தெளிவாகப் போனது. அவ்வளவுதான், ஞானசேகரத்தின் கண் கலங்கிவிட்டது. அவர் எழும்பிக் கையை உயர்த்தினார்.

"காணும் தம்பி. நீங்கள் இதுக்கு மேல ஒண்டும் கேட்கத் தேவையில்லை. உங்களைக் கேட்க வைச்சதே எங்கட பிழை. இனி அறிவிப்பு வந்த உடன முதல்ல உங்கட வீட்டுக்குத்தான் ஆக்கள் வருவினம். உங்களையும் மனுசியையும் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில விட்டிட்டுத்தான் மற்ற வேலை. சபையில ஆருக்கும் மறுப்பு இருக்கோ?"

யாருக்கு இருக்கும்? எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் ஓர் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டிலுக்ஷன் கைகளை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றார். தலைவர் "ஏலாது" என்று சொன்னால் என்ன சொல்ல வேண்டும், "நேரமில்லை" என்றால் என்ன, "பிறகு பார்ப்பம்" என்றால் என்ன, எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. கண்ணீரோடு ஒருவர் "ஓம்" என்று சொன்னால், அதுவும் கேட்காத ஒன்றுக்கு "ஓம்" என்று சொன்னால், என்ன செய்வதென்று அவருக்கு யாரும் பழக்கவில்லை. இத்தனை தலைவர்களை உடுத்திக் காட்டிய அருள்மலர் ஒரு நல்ல மனிதரை ஒரு நாளும் உடுத்திக் காட்டவில்லை. அப்படி ஒருவர் இடைஞ்சலாக வருவார் என்று அவருக்கு நினைப்பே இல்லை. டிலுக்ஷன் திரும்பி அருள்மலரின் முகத்தைப் பார்த்தார்.

ஞானசேகரமும் அங்கேதான் பார்த்தார். "பிள்ளை அருள்மலர், உங்களைப் பற்றி நாங்கள் நல்லாக் கேள்விப்பட்டிருக்கிறம். இவையின்ர கஷ்டம் உங்களுக்குத்தான் தெரியும். வடிவாக் கதைக்கவும் உங்களுக்கு ஏலும். எச்சரிக்கைப் பிரிவுக்கு நீங்களே தலைவரா இருந்தால் என்ன? லிங்கநகர் என்ன தூரமே. எங்களுக்குப் பெருமை."

மண்டபம் ஆமோதித்து முணுமுணுத்தது. பொய் சொல்லக்கூடாது, அருள்மலருக்கு நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை வருடங்களில் ஒரு மேசையில் இருந்து ஒருவர் தன்னைப் பார்த்து "நீங்கள் தலைவராக இருங்கள்" என்று சொன்னது இதுதான் முதல் தடவை. சொல்ல வேண்டிய வசனங்கள் எல்லாம் தொண்டைவரைக்கும் வந்து வரிசையில் நின்றன. ஒரு வார்த்தை போதும், "இல்லை ஐயா, டிலுக்ஷன்தான்" என்று சொன்னாலும் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்னால் டிலுக்ஷனைத் தலைவராக்கியது அருள்மலர் என்று ஆகிவிடும். பிறகு ஒவ்வொரு மாரிக்கும் ஊர் அருள்மலரின் முகத்தைத்தான் பார்க்கும்.

அவர் நாற்காலியின் இரண்டு சில்லுகளையும் பிடித்தார். ஒன்றை முன்னுக்குத் தள்ளி மற்றதைப் பின்னுக்கு இழுத்தார். நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றி, முதுகைச் சபைக்குக் காட்டிக்கொண்டு யன்னலைப் பார்த்து நின்றது. வெளியே கருவாடு காயப் போட்ட பந்தலும், கரையில் ஏற்றிய வள்ளங்களும், அதற்கப்பால் கடலும் தெரிந்தன. டிலுக்ஷனின் கைகள் மட்டும் தெரியவில்லை. இவ்வளவு நாளும் எதைக் காணத் தவித்தாரோ அதற்குத்தான் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு ஸஹ்ராவின் குரல் எழும்பியது.

"ஐயா, நன்றி. என்னைத் தூக்க வர வேணாம். எனக்குக் காலும் இருக்கு கையும் இருக்கு. போன மாரியில எனக்குச் சொல்ல ஆளில்ல, அவ்வளவுதான் குறை. நான் தூக்கச் சொல்லிக் கேட்க வரல்ல. தலைவரா இருக்கக் கேட்டு வந்தனான்."

மண்டபத்தில் கதிரை ஒன்று கிறீச்சிட்டது. குரல் நிற்கவில்லை, வரவர வேகமாயிற்று. டிலுக்ஷனின் கைகள் எந்த வேகத்தில் போகின்றன என்று அதை வைத்தே அருள்மலர் கண்டுகொண்டார்.

"கடல்ல எஞ்சினைப் போட்ட பிறகு ஆர்ட கதை ஆருக்குக் கேட்கும்? எல்லாரும் கையைத்தானே பார்க்கிறீங்க. மீன் எங்க எண்டு, வலையை எந்தப் பக்கம் வளைக்கிற எண்டு, காத்து மாறுது கரைக்கு வாங்க எண்டு என்ட கையைப் பார்த்துத்தானே இங்க கனபேர் தொழில் செய்யிறீங்க. கடல்ல பார்க்கிற கையைக் கரையிலயும் பாருங்க. அண்டைக்கு ஒலிபெருக்கிச் சத்தத்தைக் காத்து அடிச்சுக்கொண்டு போனது. எனக்கு மட்டுமில்ல, வடக்குப் பக்கத்தில காது கேட்கிற ஆக்களும் பிந்தித்தான் வந்த. கொடி வேணும், டோர்ச் வேணும், கதவைத் தட்ட ஓடுற ஆக்கள் வேணும். அவங்களை நான் நடத்துறன்."

இது ஒத்திகையில் இல்லாத பேச்சு. கடல், எஞ்சின், கை என்று ஒரு சொல்கூட லிங்கநகர் வீட்டில் வந்ததில்லை. தையல்காரிக்குக் கடலில் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் அருள்மலரின் கைகள் சில்லை இறுக்கிப் பிடித்தன. திரும்பவில்லை.

"அவன் சொல்லுறது சரிதான்" என்று பின்வரிசையில் இருந்து கரகரத்த குரல் ஒன்று வந்தது. கடற்காற்றில் காய்ந்த குரல். "கடல்ல நாங்கள் எல்லாரும் இவன்ட கையைத்தான் பார்க்கிறது. கரைக்கு வந்த உடன மறந்து போறம்."

இன்னும் இரண்டு மூன்று பேர் ஓம் ஓம் என்றார்கள். ஞானசேகரம் தொண்டையைச் செருமிக்கொண்டார். நல்ல மனிதர் என்று சொன்னது வீண்பேச்சல்ல என்பதை அப்போது காட்டினார். "தம்பி, நான் கேட்காமலே பதில் சொல்லிப் போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். இம்முறை அந்தக் குரல் யன்னல் பக்கம் வரவில்லை, டிலுக்ஷன் நின்ற பக்கமாகப் போனது. "டிலுக்ஷனைத் தலைவராத் தெரிவு செய்ய விருப்பமான ஆக்கள் கையை உயர்த்துங்கோ."

கை உயர்த்துவதற்குச் சத்தம் கிடையாது. அருள்மலர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். விசிறி சுற்றுகிற சத்தமும், எங்கோ வளையல் ஒன்று சரிகிற சத்தமும்தான் கேட்டன. பிறகு ஞானசேகரம் சொன்னார்: "சரி. இதை எண்ணத் தேவையில்லை."

கதிரைகள் இழுபட்டன. பலர் ஒரே நேரத்தில் எழும்பினார்கள், ஆளுக்காள் கதைத்தார்கள், முன்பக்கமாக நடந்தார்கள். அருள்மலரின் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை, திரும்பவுமில்லை. இப்போது திரும்பினால் எல்லோரும் வந்து தனக்குக் கை கொடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

கருவாட்டுப் பந்தலில் வேலையாக நின்று கூட்டத்துக்குப் பிந்திவிட்ட பெண் ஒருத்தி, ஆரவாரம் கேட்டு யன்னலடிக்கு ஓடி வந்தாள். மண்டபத்தில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்த முகம் அருள்மலருடையது மட்டும்தான்.

"அக்கா, முடிஞ்சுதோ? எச்சரிக்கைக்கு ஆர் தலைவர்?"

அருள்மலர் வாய் திறக்கவில்லை. வலது கையை உயர்த்தி, திரும்பாமலே, தோளுக்கு மேலால் பெருவிரலைப் பின்பக்கம் நீட்டிக் காட்டினார். அந்தப் பெண் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். விரல் காட்டிய இடத்தில் ஒரு வெறும் கதிரைதான் கிடந்தது. டிலுக்ஷன் எப்போதோ அங்கிருந்து எழும்பிப் போய், முன்மேசையில் தொழிலாளர்கள் சூழ்ந்து நிற்க, யார் எந்தத் தெருவுக்கு, எந்த ஒழுங்கைக்கு ஓடுவது என்று இரண்டு கையாலும் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அருள்மலரின் விரல் இன்னும் அந்தக் கதிரையையே காட்டிக்கொண்டிருந்தது.